நம்பி நீட்டின கழுத்து

"புடிக்கணும்னா புடிக்கிற ஆளா உள்ள போ தம்பி. சொறியப் போற ஆளா போயிட்டுப் புடிக்காத."

அன்னைக்குக் காலையில லாயத்துக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு பெரியண்ணன் சொன்னது இவ்வளவுதான். நான் சரின்னு தலையாட்டிட்டு உள்ள போய் அவர் வேணாம்னு சொன்னதைத்தான் பண்ணேன். ரெண்டு வருஷம் ஆகப்போகுது, அந்தக் குதிரைக் குட்டி இப்ப நல்லா இருக்கு, சேணம் கூட பழகிடுச்சு, யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. இருந்தாலும் ராத்திரி கடைசியா ஒரு சுத்து பார்த்துட்டு லைட்டை அணைக்கும்போது அந்த வரி வந்து நிக்குது.

அது வந்தப்போ வயசு ரெண்டு. வண்டியில இருந்து இறங்கினதும் நேரா கடைசி மூலைக்குப் போய் பின்பக்கத்தை சுவர்ல அண்டக் கொடுத்துக்கிட்டு நின்னுச்சு, மூக்கு துவாரம் ரெண்டும் விரிஞ்சே இருந்துச்சு. மனுஷன் கை அதிகம் படாத குட்டி. வண்டியில ஏத்தும்போது எப்படி ஏத்தினாங்களோ தெரியாது, ஆனா யாராவது கையைத் தூக்கினாலே தலை மேல போயிடும். இது போனி, குள்ளமான குதிரை ஜாதி. சின்ன உருவம்ங்கறதால ஒரு கெட்டது என்னன்னா, பெரிய குதிரைகிட்ட யோசிச்சு நடந்துக்கிற ஆளுங்க கூட இதை அமுக்கிப் பிடிச்சிடலாம்னு நினைக்கறாங்க. முடியறதால பிடிச்சும் விடறாங்க. உயரம் கம்மியா இருக்கறதால அதோட பயம் கம்மியா ஆயிடாது.

புதுசா வர்ற எதையும் மத்ததுங்களோட உடனே சேர்க்க மாட்டோம், நோய் ஏதாவது கொண்டு வந்திருக்கும்ங்கறதால மூணு வாரம் தனியாத்தான் வைப்போம். அது சரிதான், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா கூட்டமாவே வாழற ஜீவன், அதுவும் குட்டி, அதைத் தனியா அடைச்சு வச்சுட்டு அது நம்மகிட்ட பழகணும்னு எதிர்பார்க்கறோம். அந்த நாட்கள்ல அதுக்கு உயிருள்ள துணைன்னா நான்தான். அது என்கிட்ட நெருங்கி வந்தது என்னை நம்பியா, இல்ல வேற யாருமே இல்லாததாலயான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெளிவில்ல.

முதல் மூணு நாள் நான் பண்ணது ஒண்ணுமே இல்ல. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அதுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தோள் பக்கமா சாய்வா நடந்து ரெண்டு அடி போவேன். நேரா முகத்துக்கு எதிர்ல போகக்கூடாது, குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கறதால கிட்டத்தட்ட சுத்தி எல்லாம் தெரியும், ஆனா நெத்திக்கு நேர் முன்னாடி கிட்டக்க இருக்கறது தெரியாது, வாலுக்கு நேர் பின்னாடியும் தெரியாது. தடவிக் கொடுக்கறேன்னு நெத்திக்குக் கையை நீட்டறது ஒரு பயந்த குதிரைக்கு திடீர்னு எங்கிருந்தோ கை முளைச்ச மாதிரி. அதனால பக்கவாட்டுல போவேன், அது உடம்பு இறுகுறதுக்கு முன்னாடி, காது என் பக்கம் திரும்பி ஒரு நொடி நிக்கும் பாருங்க, அந்த நொடியில நான் திரும்பி வந்துடுவேன். அதுதான் விஷயமே. நாம கிட்ட போறதுல குதிரை கத்துக்கறதை விட நாம விலகற நொடியில கத்துக்கறதுதான் ஜாஸ்தி. நீ வேணாம்னா நான் போயிடுவேன், அதை நான் வாயால சொல்லாம ஒரு நாளைக்கு அம்பது தடவை அதுகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்.

அஞ்சாவது நாள் என் சட்டையை மோந்து பார்த்துச்சு. ஆறாவது நாள் மதியம், பிடரி முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கற அந்த மேட்டுல விரல் வைக்க விட்டுச்சு. குதிரைங்க ஒண்ணையொண்ணு பல்லால சொறிஞ்சு விடற இடம் அது, அந்த இடத்துல சொறிஞ்சா இதயத்துடிப்பு குறையுதுன்னு 1993ல வந்த ஒரு ஆய்வு கூட இருக்கு. மெதுவா சொறிஞ்சேன். கழுத்து இறங்குச்சு. மேல் உதடு நீண்டு துடிக்க ஆரம்பிச்சுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்கறதை இங்க சொல்றதுல வெட்கமில்ல.

அதே நாள் சாயங்காலம் இருமுச்சு.

வண்டியில ரொம்ப நேரம் தலையை உயரக் கட்டி கொண்டு வந்தா குதிரைக்கு இந்த ஆபத்து உண்டு. தலையைத் தாழ்த்தினாத்தான் மூச்சுக்குழாய்ல சேர்ற சளியும் தூசியும் வெளிய வடியும், தாழ்த்த முடியலேன்னா அதெல்லாம் உள்ள தங்கி நுரையீரல்ல தொத்து ஆயிடும். புல்லைப் பாதி விட்டிருந்துச்சு. தூரத்துல நின்னு விலாவைப் பார்த்து மூச்சு எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல போச்சு. வளர்ந்த குதிரை சும்மா நிக்கறப்போ எட்டுல இருந்து பதினாறுதான் இருக்கும், இது குட்டிங்கறதால கொஞ்சம் கூட இருக்கலாம், அப்படியே வச்சாலும் முப்பது அதிகம். ஜுரம் எவ்வளவுன்னு டாக்டர் போன்ல கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. புதுசா வந்த குதிரைக்கு தினம் ரெண்டு வேளை ஜுரம் பார்த்து எழுதணும், இதுக்கு ஒரு தடவை கூட பார்க்கல. பெரியண்ணன் ரெண்டாவது நாளே சொன்னார், பிடிச்சு பார்த்துடலாம்னு. இன்னும் ரெண்டு நாள் குடுங்கண்ணே, தானா வரும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். அப்புறம் இன்னும் ரெண்டு நாள்.

இதை இப்ப எழுதும்போதுதான் சரியா தெரியுது. கயிறு போட்டதை மட்டுமே தப்புன்னு நான் பேசிக்கிட்டிருக்கேன், அதுக்கு முன்னாடி அஞ்சு நாள் பொறுமைங்கற பேர்ல நான் பண்ணது என்னன்னு யாரும் கேட்கல, நானும் கேட்டுக்கல. மூணாவது நாளே ஜுரம் தெரிஞ்சிருந்தா?

சரி, அந்தக் காலைக்கு வரேன். டாக்டர் வண்டி வந்து நின்னுடுச்சு. பெரியண்ணன் சொன்னது என்னன்னா, கயிறைக் கையில தெரியற மாதிரி எடுத்துட்டுப் போ, மூலைக்கு ஒதுக்கு, நான் இந்தப் பக்கம் மறிக்கறேன், பயப்படும், பரவாயில்ல, போட்டு முடி. நான் கேட்டேன், "அண்ணே, நேத்துதான் தொட விட்டுச்சு. சொறிஞ்சா நிக்கும். அப்படியே மெதுவா போட்டுடறேனே, எதுக்கு வெரட்டணும்?" அப்பத்தான் அவர் அந்த வரியைச் சொன்னார். எனக்கு அது முரட்டுத்தனமா பட்டுச்சு. பழைய ஆளுங்க அப்படித்தான்னு கூட மனசுக்குள்ள நினைச்சேன்.

உள்ள போனேன். கயிறை இடது கையில சுருட்டி முதுகுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். வலது கையால அதே மேட்டுல சொறிஞ்சேன். ஜுரத்துல உடம்பு கொதிச்சுது. கழுத்து இறங்கி தலையைத் திருப்பி, என் தோள்பட்டையில உதட்டை வச்சு பதிலுக்கு சொறிய ஆரம்பிச்சுச்சு. அதுவரைக்கும் அது அப்படிப் பண்ணதே இல்ல. ஒரு குதிரை இன்னொரு குதிரைக்குப் பண்றது அது. அந்த நேரத்துல இடது கையைக் கழுத்துக்குக் கீழ விட்டு கயிறைச் சுத்தினேன்.

நம்ப வச்சுக் கழுத்தறுக்கறதுன்னு சும்மா பேச்சுக்கு சொல்லுவோம். எனக்கு இப்ப அந்த வார்த்தையை யாராவது சொன்னா என் கைதான் ஞாபகம் வருது.

அப்புறம் நடந்ததை நீட்ட வேணாம். பின்னங்கால்ல எழும்புச்சு, சுவர்ல மோதுச்சு, பெரியண்ணன் உள்ள வந்து பிடிச்சார். ஜுரம் 39.6 டிகிரி செல்சியஸ். குதிரைக்கு சாதாரணமா 38.5 தாண்டக்கூடாது. கழுத்துலயே முதல் ஊசி, எந்தப் பக்கம் சொறிஞ்சேனோ அதே பக்கம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அதனால கயிறு போட்டது தப்பில்ல. போட்டே ஆகணும். இதை நான் எத்தனை தடவை வேணா சொல்லுவேன், அது உயிரோட இருக்கறதுக்கு அந்தக் கயிறும் ஒரு காரணம். வேற வழியில போட்டிருக்கலாமேங்கறதுதான் கேள்வி. மூலையில ஒதுக்கிப் போட்டிருந்தா மட்டும் பயந்திருக்காதா? இன்னும் ஜாஸ்தி பயந்திருக்கும், ஜுரத்தோட ஓடி மூச்சு வாங்கி விழுந்திருந்தா என்ன பண்ணுவோம்? என் வழியில பயம் சில நொடிதான். இப்படி யோசிச்சா நான் பண்ணது சரின்னு முடிஞ்சுடும். அப்புறம் தோள்பட்டையில அந்த உதடு பட்டது ஞாபகம் வரும், மறுபடி முதல்ல இருந்து.

மறுநாள்ல இருந்து பெரியண்ணன் என்னை உள்ள விடல. "ஊசிக்கு நான் புடிக்கறேன். முடியற வரைக்கும் நீ அந்தப் பக்கம் வராத." ஹெட்காலர், அதான் தலையில மாட்டற வார், அதைப் போட்டு, வேகமா இழுத்தா அறுந்துடற மாதிரி தோல் பட்டை வச்சு, கீழ ஒரு முழம் கயிறு தொங்க விட்டார். தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி இருமிட்டு கதவைத் திறப்பார், கயிறு வெளிய தெரியற மாதிரி கையில இருக்கும், "வரேன்டா"ன்னு ஒரு குரல், பிடிப்பார், ஊசி, விடுவார், வெளிய வந்துடுவார். சொறியறது, கொஞ்சறது எதுவும் கிடையாது. நாலாவது நாள் அது ஓடல, தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. பழகிடுச்சு பாருன்னாங்க எல்லாரும்.

நான் கதவு இடுக்கு வழியா பார்த்தேன். எனக்கு அது பழகின மாதிரி தெரியல. கண்ணு மேல தோல் சுருங்கி இருந்துச்சு, தாடை இறுகி இருந்துச்சு, காது ரெண்டும் எந்தச் சத்தத்துக்கும் திரும்பல. தப்பிக்க வழியில்லைன்னு கைவிட்ட குதிரையும் அசையாமத்தான் நிக்கும், நம்பி நிக்கற குதிரையும் அசையாமத்தான் நிக்கும். வெளிய இருந்து பார்க்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. அதை அவர்கிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. அதுல எனக்கு ஒரு ஆறுதல் கூட இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா. அவர்கிட்டயும் அது நம்பிக்கையா இல்லையேங்கற ஆறுதல்.

ஆனா ஊசியெல்லாம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு, அவர் சும்மா தண்ணி ஊத்த உள்ள போனப்போ, அது தானா நடந்து வந்து அவர் கையில இருந்த கயிறை மோந்து பார்த்துச்சு. கயிறை! யாரும் இழுக்கல, ஒதுக்கல. மோந்து பார்த்துட்டு அங்கயே நின்னு வாயை மென்னுச்சு. நான் உள்ள போனா மூலைக்குப் போயிடும். கையைத் தூக்காம சும்மா நின்னாலும் போயிடும்.

அவர் என்ன பண்ணப் போறார்னு அதுக்கு எப்பவும் தெரிஞ்சிருந்துச்சு, நான் என்ன பண்ணுவேன்னு தெரியல, அதுதான் வித்தியாசம்னு ரொம்ப நாள் நான் நம்பிக்கிட்டிருந்தேன். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன், அன்பா இருக்கறதுக்கு முன்னாடி ஒரே மாதிரி இரு, நீ எதுக்கு வந்திருக்கன்னு அது உன்னைப் பார்த்ததும் புரிஞ்சுக்கணும்னு. அதுல தப்பு இருக்கறதா இப்பவும் தோணல. ஆனா அது மட்டும்தான் காரணமான்னா, தெரியாது. ஏன்னா அதே வாரம்தான் மூணு வாரக் கெடு முடிஞ்சு பக்கத்து அறைக்கு வயசான பெண் குதிரை ஒண்ணைக் கொண்டு வந்தோம், நடுவுல கம்பி மட்டும்தான். முதல் ராத்திரியே ரெண்டும் மூக்கோட மூக்கு வச்சு நின்னுச்சுங்க. மூணாவது நாள் காலையில குட்டியோட விலாவுல, வால்ல எல்லாம் வைக்கோல் ஒட்டியிருந்துச்சு. படுத்திருக்கு! வந்ததுல இருந்து ஒரு நாள் கூட அதோட உடம்புல வைக்கோல் நான் பார்த்ததில்ல. குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னு சொல்லுவாங்க, கண்ணயரும், அவ்வளவுதான், ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆகணும், அதுக்கு யாராவது முழிச்சுப் பார்த்துக்குவாங்கன்னு தைரியம் வேணும். அந்த தைரியத்தை நானும் கொடுக்கல, அண்ணனும் கொடுக்கல. பக்கத்துல இன்னொரு குதிரை மூச்சு விட்டது, அது கொடுத்துச்சு. மூணு வாரமா படுத்துத் தூங்காத ஒரு குட்டிகிட்ட நான் நம்பிக்கையைப் பத்தி என்னத்தை எதிர்பார்த்தேன்?

போன வருஷம் ஒருநாள் பெரியண்ணன்கிட்ட அந்த வரியைப் பத்திக் கேட்டேன். எத்தனை நாளா அதை மனசுல வச்சிருக்கேன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். சொறியற ஆள் ஒட்டி நிப்பான், குனிஞ்சு கயிறு விடுவான், எழும்புச்சுன்னா முன்னங்கால் நேரா அவன் மண்டையிலதான் விழும். அதுக்குத்தான் சொல்லியிருப்பேன்." அவ்வளவுதான் அவருக்கு. என் மண்டையைப் பத்தின கவலை. ஏமாத்தறது, நம்பிக்கை, எதுவும் அதுல இல்ல. நான் அதுல இருந்து எடுத்துக்கிட்டது எல்லாம் நானே போட்டு வளர்த்தது. அது தெரிஞ்ச பிறகு பாரம் குறையும்னு நினைச்சேன், குறையல.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். போன மாசம் வேற ஒரு குட்டி, வெளிக்கதவு திறந்திருந்த நேரம் பார்த்து அறையை விட்டு வந்துடுச்சு. ரோட்டுக்குப் போக நாப்பது அடி. என்கிட்ட அது நல்லா பழகின குட்டி. கயிறைப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, மெதுவா பேசிக்கிட்டே போய், சொறியற மாதிரி கை வச்சு, கழுத்துல போட்டுட்டேன். யோசிக்கவே இல்ல. கை தானா பண்ணுச்சு. மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தா மறுபடியும் அப்படித்தான் பண்ணுவேன்.

அந்த முதல் குட்டி என்னை மறுபடி தொட விட கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப சொறிஞ்சா நிக்குது, கழுத்தை இறக்குது, மேல் உதடு கூட நீளுது. என் தோள்ல மட்டும் உதடு வைக்கறதில்ல, பக்கத்து அறை பெரிய குதிரைக்கு மட்டும் பண்ணும். உள்ள போகும்போது ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுத்தான் போறேன், அதுக்கு அது புரியாதுன்னு எனக்குத் தெரியும். வலது கையால சொறிவேன். அதோட ஒரு காது, சொறிஞ்சு முடியற வரைக்கும், என் இடது கை பக்கமே திரும்பி இருக்கும்.