திட்டுவதும் அவளே

தர்மபுரி பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. பாட்டி புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து வயதுப் பேத்தி, கொட்டைகளைப் பெரிது சிறிது என்று பிரித்தபடி தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

தனக்குள் என்றால், சத்தமாகத்தான்.

"இது பெருசு... இல்லயே... ஏண்டி இங்க போட்ட? கண்ணு எங்க இருக்கு?"

திட்டுவதும் அவளே, வாங்கிக்கொள்வதும் அவளே. அந்தக் "கண்ணு எங்க இருக்கு" மட்டும் அச்சு அசல் பாட்டி குரல். திட்டி முடித்ததும் கொட்டையை எடுத்து இடம் மாற்றினாள்.

குழந்தைகளின் இந்தத் தனிப்பேச்சு வளர வளர மறைந்துவிடும் என்றார் சுவிஸ் உளவியலாளர் பியாஜே. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896-1934) ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்களோடு பேசிய பேச்சுதான் அப்புறம் தன்னோடு பேசும் பேச்சாகிறது, பள்ளி வயதில் சத்தம் அடங்கி உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். நான் இவர் கட்சி.

அப்படியானால் சுயபரிசோதனை, கண்ணை மூடி உட்கார்ந்தால் வந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. யாராவது முன்பே நம்மிடம் "ஏன்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். (நம் வீடுகளில் இதுதான் அரிது.)

"வாயை மூடு" மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு உள்ளேயும் அதுதானே கேட்கும்?

எனக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். விடை சரியாக இருந்தாலும் விடமாட்டார். "எப்படி வந்துச்சு, சொல்லு." அப்போது எரிச்சலாக வரும். இப்போது மளிகை பில்லைக் கையில் வாங்கினாலே அவர் வந்து நின்றுவிடுகிறார்.

கடைக்கார அண்ணனுக்குத்தான் பிடிப்பதில்லை.