பின்வரிசையிலிருந்து புறப்பட்டு வந்த பாபி ஓர்

1970ஆம் ஆண்டு மே 10 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் ரே லூசியர் எடுத்த புகைப்படத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். கைகளை விரித்தபடி, பனித்தரைக்கு மேலே அந்தரத்தில் பறக்கிறார் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் பாபி ஓர். செயின்ட் லூயிஸ் அணியின் நோயல் பிகார்ட் அவருடைய காலை வாரிவிட்டார். ஆனால் அதற்குள் பக் (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டு) கோல்கீப்பர் கிளென் ஹாலைக் கடந்து வலைக்குள் சென்றுவிட்டது. கூடுதல் நேரத்தின் 40ஆவது வினாடியில் விழுந்த அந்தக் கோலால், 1941க்குப் பிறகு முதன்முறையாக, வட அமெரிக்க லீக்கான என்எச்எல்லின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பை, பாபி ஆடிய பாஸ்டன் புருயின்ஸ் அணியின் கைக்கு வந்தது.

அவர் பறப்பதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கோ அதற்குச் சில வினாடிகளுக்கு முன் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. எதிரணி வெளியே கடத்த முயன்ற பக்கைத் தடுக்க, தடுப்பாட்டக்காரரான பாபி தன் இடத்தை விட்டு முன்னேறினார்; அது அவரைத் தாண்டிப் போயிருந்தால் பாஸ்டனின் பின்புறம் திறந்து கிடந்திருக்கும். தடுத்த பக்கைச் சக ஆட்டக்காரர் டெரெக் சாண்டர்சனுக்குத் தள்ளிவிட்டு, நிற்காமல் கோலை நோக்கி ஓடி, அவர் திருப்பிக் கொடுத்ததை வலைக்குள் அனுப்பினார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பாரி சவுண்டில் 1948இல் பிறந்த அவர், 18 வயதில் பாஸ்டன் அணிக்கு வந்தார். 1966-67இல், அவருடைய முதல் பருவத்தில், அணி கடைசி இடத்தில் இருந்தது. அவருக்கு முன்பும் டக் ஹார்வி போன்றோர் பின்வரிசையிலிருந்தே ஆட்டத்தின் வேகத்தை நிர்ணயித்ததுண்டு. ஆனால் ஒரு தடுப்பாட்டக்காரரே லீக்கில் அதிகப் புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலடிக்க உதவியவையும் சேர்ந்த கணக்கு) எடுப்பார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1969-70இல் 120 புள்ளிகளோடு பாபி அதைச் செய்தார். 1974-75இல் மீண்டும் செய்தார். இன்றுவரை வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் அதிகப் புள்ளிகளுக்கான அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

தாக்குவதில் மட்டுமே வல்லவர், தடுப்பதில் கவனமில்லாதவர் என்று அவரைப் பற்றிச் சிலர் சொல்லக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 1970-71இல் அவருடைய பிளஸ்-மைனஸ் கணக்கு 124. அதாவது, பவர் பிளே கோல்களை (தண்டனையால் ஓர் அணியில் ஆள் குறைந்திருக்கும்போது எதிரணி அடிப்பவை) நீக்கிவிட்டுப் பார்த்தால், அவர் பனித்தரையில் இருந்த நேரத்தில் பாஸ்டன் அடித்த கோல்கள், வாங்கிய கோல்களைவிட 124 அதிகம். அதே பருவத்தில் அவர் எடுத்த 139 புள்ளிகளைவிட இந்த எண்ணையே நான் பெரிதாகக் கருதுகிறேன். இரண்டுமே தடுப்பாட்டக்காரர்களில் இன்னும் முறியடிக்கப்படாதவை. பக் அவருடைய மட்டையில் இருக்கும்வரை எதிரணியால் கோல் அடிக்க முடியாது என்பதால், அதைத் தன்னிடமே வைத்திருப்பதுதான் அவருடைய தடுப்பு முறை. 1968 முதல் 1975 வரை தொடர்ந்து 8 முறை சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது அவருக்கே கிடைத்தது.

அதற்கான விலையை அவருடைய இடது முழங்கால் கொடுத்தது. அறுவை சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1975-76இல் 10 ஆட்டங்களே ஆட முடிந்தது. அதன்பின் அவர் சிகாகோ அணிக்குச் சென்றார். அணி உரிமையிலேயே பங்கு தர பாஸ்டன் முன்வந்ததை அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சன் அவரிடம் மறைத்துவிட்டார் என்பது பின்னர்தான் வெளிவந்தது. அந்த ஈகிள்சன் 1998இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

சிகாகோவுக்காக ஆடத் தொடங்குவதற்கு முன், 1976 செப்டம்பரில், முதலாவது கனடா கோப்பைத் தொடரில் பாபி தன் நாட்டுக்காக 7 ஆட்டங்கள் ஆடினார். நடப்பதே கடினமாக இருந்த அந்தக் காலோடு 9 புள்ளிகள் எடுத்து, தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குப் பின் அவருக்கு லீக்கில் வாய்த்தவை 26 ஆட்டங்கள் மட்டுமே. 1978இல் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 30.