சாணிக்கு வந்த மதிப்பு

1986இல் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். மார்ச் 31க்குள் இத்தனை சாண எரிவாயுக் கலன்கள் கட்டி முடித்திருக்க வேண்டும் என்ற இலக்கு அது. மத்திய அரசின் திட்டம் 1981-82லேயே தொடங்கியிருந்தது. கோப்பில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊரில் எல்லாருக்கும் அது 'கோபர் கேஸ்'தான்.

நான் அதை மனதார நம்பினேன். சீமைக்கருவேல முள்ளை அடுப்பில் திணித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதும் என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். மானியம் உண்டு, கொத்தனார் உண்டு, சிமென்டுக்கு ஏற்பாடு உண்டு என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன்.

என் முயற்சியில் முதலில் சம்மதித்தவர் நாலைந்து மாடு வைத்திருந்த ஒரு விவசாயி. வாயு சேர இரும்பு டிரம் வைத்த காதி ஆணையத்தின் மாதிரி வேண்டாம், துருப்பிடிக்கும், வருடா வருடம் வண்ணம் அடிக்க வேண்டும் என்று நான்தான் தடுத்தேன். 1984இல் வந்திருந்த 'தீனபந்து' மாதிரியில் எல்லாமே செங்கல் கட்டுமானம், மண்ணுக்கடியில் கிடக்கும். இரண்டு கன மீட்டர் கலன் கட்டினோம். தொட்டியை நிரப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். முதலில் வந்த வாயு எரியவில்லை. அதில் கரியமிலவாயுதான் அதிகம் இருக்கும், திறந்துவிட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தீக்குச்சியும் அணைந்தபோது அந்த வீட்டு மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சில நாள் கழித்து நீலச் சுடர் நின்று எரிந்தது. முதலில் பால் காய்ச்சினார்கள். பாத்திரத்தின் அடியில் கரி இல்லை என்று அந்த மாமியாரே தெருவில் காட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கலன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணி கேட்கும். அதே அளவு தண்ணீரும் கேட்கும். இரண்டையும் வைக்கோல் துணுக்கு இல்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஆடை கட்டி வாயு குறையும். இதையெல்லாம் ஆண்களிடம்தான் விளக்கினேன். செய்தது மருமகள்கள். மார்கழிக் குளிரில் வாயு குறைந்தால் என்னிடம் புகார் வரும். குழாயில் நீர் தேங்கிச் சுடர் துடித்தாலும் வரும். கலனிலிருந்து வெளிவரும் சாணிக் குழம்பு வழிந்து தெருவில் ஓடுகிறது, கொசு மொய்க்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். குளிர் போனாலோ, குழாயில் நீரை வடித்தாலோ, குழம்புக் குழியைப் பெரிதாக வெட்டினாலோ தீருகிற சங்கதிகள் அவை.

தீராத ஒன்றை ஒரு பாட்டி கேட்டார். நிலமோ மாடோ இல்லாதவர். மேய்ச்சல் புறம்போக்கில் மாடுகளின் பின்னால் கூடையோடு நடந்து, சாணி பொறுக்கி, சுவரில் வறட்டி தட்டி விற்றுப் பிழைத்தவர். அதுவரை கீழே விழுந்த சாணி எடுத்தவருக்குச் சொந்தம். ஊரில் ஏழெட்டுக் கலன் வந்தபின் மாட்டுக்காரர்களின் பிள்ளைகளே கூடையோடு கிளம்பிவிட்டார்கள்.

"அவர்கள் அடுப்பு எரியட்டும் சாமி. என் அடுப்புக்கு என்ன வழி?" என்றார்.

முதியோர் உதவித்தொகைக்கு எழுதித் தருகிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன். பயனாளி பெயர், கலன் அளவு, மானியத் தொகை, முடித்த தேதி என்று கட்டங்கள் போட்ட என் பதிவேட்டில் அந்தப் பாட்டியை எங்கே எழுதுவது? அந்த ஆண்டு இலக்கை முடித்ததற்காக எங்கள் ஒன்றியத்துக்குப் பாராட்டு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்த ஊர்ப்பக்கம் போனேன். டிராக்டர் வந்து உழவு மாடுகள் போய்விட்டன. மாடு போனால் கலன் வெறும் குழிதான். ஒரு கலனின் மேட்டில் ஆடு கட்டியிருந்தார்கள். என் முதல் கலன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மகன் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார், கறவை மாடுகள் நிற்கின்றன. சமையலுக்கு சிலிண்டரும் இருக்கிறது.

"வாயு கிடக்கட்டும் சார், எனக்கு அந்தக் குழம்புதான் வேண்டும்" என்று மல்லிகைத் தோட்டத்தைக் காட்டினார். முன்பெல்லாம் எரிவாயுவைச் சொல்லி ஆள் பிடித்தேனே தவிர, செரித்து வெளிவரும் உரத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசியதில்லை.

அவருடைய அம்மா, அதாவது அன்றைய மருமகள், காபி கொண்டுவந்தார்.

"தொட்டியைக் கிணற்றுப் பக்கத்தில் கட்டச் சொல்லியிருக்கலாமே சார்?"

"கிணற்றிலிருந்து தள்ளித்தான் கட்ட வேண்டும் அம்மா. கசிவு கலந்துவிடும்."

"சரிதான். மோட்டார் போடும்வரை குடம் சுமந்தது நான்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.