மழைக்காலப் புத்தகக் கணக்கு

2024 மே 26, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் தென்மேற்குப் பருவ மழை தலையணைக்குள் பெய்யும், சப்பாத்துக்குள் பெய்யும், புத்தகத்துக்குள்ளும் பெய்யும். காலையில் அலுமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டில் நாலைந்து புத்தகங்களின் முதுகில் சாம்பல் தூவினதுபோல பூஞ்சணம். பழைய சேலைத் துணியால் துடைத்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கப் போட்டேன். மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) எரிகிற புகையில் காய்ந்தால் பூச்சி அண்டாது என்று அம்மா மிளகாய்க்குச் சொன்ன வைத்தியம் இது. என்ன, புத்தகம் பிறகு கொஞ்ச நாளைக்குக் கருவாட்டு வாசம் அடிக்கும்.

அலுமாரிக்குள் எரியவிட 40 வாட் குண்டு பல்பு தேடி ஹட்டனில் நாலு கடை ஏறினேன். எல்.ஈ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. நாலாவது கடைக்காரர் ஒரு பழைய பெட்டிக்குள்ளிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, "கோழிக்குஞ்சு வளர்க்கிறீங்களா சேர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் சுருக்கமான பதில்.

வேப்பிலை யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் அனுப்புவார், இந்தக் குளிரில் வேம்பு எங்கே வளரப்போகிறது? கூடவே வசம்புத் துண்டு. ஏட்டுச்சுவடிக் காலத்து மருந்து. இராமபாணப் பூச்சிக்கு இரண்டுமே பழகிப்போய்விட்டதோ என்று சில நாள் சந்தேகம் வரும்.

சரி, இன்றைய எண்ணிக்கை: 2,314. ஒவ்வொன்றின் கடைசிப் பக்க மூலையிலும் வாங்கிய நாளையும் இடத்தையும் பென்சிலால் பொடியாக எழுதியிருக்கிறேன். பென்சிலால் மட்டும். புத்தகத்தில் பேனா வைக்கிற ஆளோடு எனக்கு ஒத்துப்போகாது. திருமணப் பரிசாக வந்த புத்தகத்தில் அன்பளிப்பு என்று பச்சை மையில் எழுதியிருந்த மச்சானோடு இன்னும் அந்த வழக்கு முடியவில்லை.

ஜூன் 1, சனி

யாழ்ப்பாண நூலகம் எரிந்து 43 வருடம். ஏறத்தாழ 97,000 நூல்கள். அப்போது எனக்கு ஐந்து வயது, ஒன்றும் தெரியாது. இப்போது இந்த நாள் வந்தால் அடுப்புக்கு மேலே தொங்கும் கயிற்றை அவிழ்த்துவிடுகிறேன்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சேர் தோமஸ் பிலிப்ஸ் என்று ஒருவர் இருந்தார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி தன்னிடம் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நெருப்புக்குப் பயந்து சவப்பெட்டி மாதிரிப் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார், பிடித்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று. மகளிடம் இதைச் சொன்னேன். "நம்ம வீட்டுல நெருப்பு வந்தா நீங்க எதை முதல்ல தூக்குவீங்க அப்பா?" என்றாள். "உன்னைத்தான்" என்றேன். "பொய்" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். பகல் வரைக்கும் எந்தத் தட்டு என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 8, சனி

கொழும்பு. பல்வலிக்குப் போனேன் என்று எழுதலாம், பல்லும் வலித்தது. மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளுக்குள் நுழைந்ததும் வலி போன இடம் தெரியவில்லை. சிங்களமும் ஆங்கிலமும் மார்பளவு உயரத்தில் இருக்கும், தமிழ் தரையில் கயிறு கட்டிக் கிடக்கும். ஆகவே தமிழ்ப் புத்தகம் பொறுக்குகிறவனை முழங்காலை வைத்தே அடையாளம் காணலாம்.

வீரகேசரிப் பத்திரிகைக்காரர் வெளியிட்ட பிரசுரங்கள் ஒரு கட்டு கிடைத்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இங்குள்ள எழுத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்தக் காலத்து மலிவுப் பதிப்புகள் இவை. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) உள்ளே இருந்தது. என்னிடம் ஏற்கெனவே இரண்டு படி உண்டு. ஒன்றுக்கு அட்டை இல்லை. மற்றதில் யாரோ பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். இது சுத்தமான படி. மூன்றாவதை வாங்குவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அட்டையில்லாததைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: அதுதான் நான் முதலில் வாசித்த படி.

திரும்பும் கோச்சியில் (ரயிலில்) குடையை விட்டுவிட்டேன். புத்தகக் கட்டு மடியிலேயே இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

பத்து வாங்கினேன், ஏழைக் காட்டினேன். மீதி மூன்றும், தவணைப் பரீட்சைத் தாள்களுக்கு அடியில் இருந்தன. மனைவி தாள்களை ஒழுங்காக அடுக்கித் தருகிறேன் என்று எடுத்தாள். வீட்டில் பேச்சு இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடலை வாங்கினேன். கடலை சுற்றிய தாள் சரையில் ஒரு பழைய அச்சு, எண்பது தொண்ணூறு வருடத்து எழுத்துரு. கடலையைச் சட்டைப் பைக்குள் கொட்டிக்கொண்டு சரையைப் பிரித்துப் பார்த்தேன். தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றின் உள்பக்கம்போல இருந்தது, தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் ஆட்கள் இதே ஹட்டனில் இப்படி எத்தனை ஆயிரம் தாள் கொடுத்திருப்பார்கள்! மீதித் தாள்கள் எங்கே என்று கடலைக்காரரிடம் கேட்டேன். "முடிஞ்சு போச்சுங்க, காலையிலதான் கடைசிக் கட்டு." கிலோ கணக்கில் வாங்கினாராம். மழைக்குள்ளேயே பழைய கடதாசிக் கடைக்கு ஓடினேன். ஞாயிறு, பூட்டு.

எண்ணெய் ஊறிய அந்த ஒற்றைத் தாளை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். எண்ணிக்கையில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா (பௌர்ணமி விடுமுறை)

மச்சான் வந்திருந்தான். "இதையெல்லாம் உனக்குப் பிறகு யார் பார்க்கிறது?" என்று தொடங்கினான். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதையைச் சொன்னேன். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த மனிதர், புத்தகம் மட்டும் போதாதென்று நாடக நோட்டீஸ், கலியாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சிக்காகோவுக்கு எழுதிப் போடு" என்றான். அவனுக்குப் பச்சை மை வழக்கு ஞாபகம் இருக்கிறது போல.

அவன் இன்னொன்றும் கேட்டான், அது உறுத்துகிறது. 2005இலிருந்து 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் ஈழத்து நூல்களை ஏற்றி வருகிறார்கள், காசில்லாமல் வாசிக்கலாம். பிறகு எதற்குத் தாள்? வாசிக்கத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. என் அலுமாரியில் வாசிக்காதது பாதிக்கு மேல். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதையைச் சக்தீ பால ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே' எனக்குப் பாதி மனப்பாடம், ஆனாலும் பழைய பதிப்பு ஒன்று எங்காவது இருக்கிறது என்றால் பஸ் ஏறிவிடுவேன். 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' (கோப்பிப் பயிர்ச்செய்கைப் பாட்டு) மூலப் படி கனவில் வந்திருக்கிறது. கனவிலும் விலை அதிகம்.

ஜூன் 30, ஞாயிறு

பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் சொன்னான்: "சேர், எங்க அப்பாயிகிட்ட ரொம்பப் பழைய புத்தகம் ஒன்னு இருக்கு, துணியில சுத்தி சாமி மாடத்துல வச்சிருக்கு." வியாழக்கிழமை சொன்னான். ஞாயிறு வரை பொறுத்ததே பெரிய காரியம்.

தலவாக்கலைக்கு அடுத்த நிறுத்தம் வட்டகொடை, சி.வி. பிறந்த பக்கம். இறங்கித் தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் காலில் இரண்டு அட்டைப்பூச்சி ஏறின, கவனிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா (அறை). அப்பாயி (பையனின் அப்பாவைப் பெற்றவர்) இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருந்தார், எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். "வாங்க மாஸ்டர் தம்பி, தேத்தண்ணி குடிங்க முதல்ல." சீனியைக் கையில் வைத்துக் கடித்துக் குடித்தேன்.

பிறகு துணியை அவிழ்த்தார். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை. சென்னை இரத்தின நாயகர் கடைப் பதிப்பு. மரக்கட்டைப் படம் போட்ட முன்னட்டை அப்படியே இருந்தது! இந்த மாதிரிப் புத்தகங்களை லயத்து விளக்கில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, இருபது பேர் கேட்டு அழுவார்கள். கைக்குக் கை மாறிக் கிழிந்தே போகும், அதனால்தான் முழுசாகக் கிடைப்பதில்லை. கை நீட்டினேன். அவர் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு முன்னட்டையை மட்டும் காட்டினார். விலை பேச வாயெடுத்தேன், கேட்காதவர்போல வெற்றிலைப் பையைத் தேடினார்.

ஜூலை 3, புதன்

தூக்கம் இல்லை. ஒரு யோசனை வந்திருக்கிறது, எழுதவே வெட்கம். பெரிய எழுத்துக் கதைகள் இப்போதும் புதுசாக அச்சாகின்றன. ஒன்றை வரவழைத்து, "அப்பாயி, கண்ணுக்கு இது லேசு, எழுத்துப் பளிச்சென்று இருக்கு" என்று கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிவந்தால்? ஒரே கதைதானே. அவருக்கும் லாபம். இப்படி அவருடைய லாபத்தைப் பற்றியே அரை இரவு யோசித்தேன். கொழும்புக் கடைக்கு போன் பண்ணிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

புதுப் புத்தகம் பையில், பஞ்சு மிட்டாய் நிற அட்டை. அப்பாயி வாங்கிப் பார்த்தார். முன்னட்டையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இதுல ஒன்னும் எழுதலையே" என்றார்.

அப்புறம்தான் தன்னுடையதை என் கையில் கொடுத்தார். பின்னட்டையின் உள்பக்கம் முழுக்க எழுத்து. அவர் வீட்டுக்காரர் எழுதியது, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை பார்த்தவராம். 1957, 1959, 1962, 1966: பிள்ளைகள் பிறந்த நாளும் நேரமும். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய தாயின் கதைக்குப் பின்னால். "அந்தக் காலத்துல வேற கடதாசி ஏது தம்பி? பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடறப்ப இந்தத் தேதியப் பார்த்துத்தான் கிளாக்கரு எழுதுனாரு." 1948இல் குடியுரிமை பறிபோய் நாடற்றவர்களானவர்கள், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று எண்ணிப் பிரிக்கப்பட்டவர்கள். அந்த எண்ணிக்கைக்கு இந்தப் பக்கமும் சாட்சி சொல்லியிருக்கிறது. முதல் பெயருக்கு நேரே இன்னொரு வரி: மூத்தவன் கோச்சி ஏறியது, 1973. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சியை இங்கே ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அதற்குப் பிறகு அவன் பெயரில் வரி எதுவும் இல்லை.

நான் பக்கத்தை மூடப் போனேன். "மூடாதீங்க. பேத்திக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு, செவ்வாக்கிழம, விடிய நாலரைக்கு. எனக்குக் கை நடுங்குது, இந்தப் பய எழுத்து கோழி கிண்டுன மாதிரி. நீங்களே எழுதிருங்க."

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"பென்சில் அழிஞ்சிரும் மாஸ்டர் தம்பி. பேனாவுல எழுதுங்க."

பையன் தன் நீலப் பேனாவை மூடி கழற்றி நீட்டினான். கீழே ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. தாள் நொறுங்குமோ என்று பயந்து, அழுத்தாமல் எழுதினேன்: 2024 ஜூலை 9, செவ்வாய், விடியற்காலை 4.30.