வேகமான இன்சுலினும் காரைக்குடிக்கு மூன்று நடையும்

ஆத்தாவுக்கு இன்சுலின் மாற்றி நாலு மாதம் ஆகிறது. இப்போது சீராகப் போகிறது. ஆனால் முதல் இருபது நாள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது. அதில் பாதியை முதல் நாளே யாராவது இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது.

பதினொரு வருடமாக ஆத்தா போட்டது 30/70 கலவை, காலையும் இரவும். சாப்பிட்ட பிறகு சர்க்கரை 300-ஐத் தாண்ட ஆரம்பித்ததும் மதுரையில் டாக்டர் மாற்றினார். இரவுக்கு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வேகமாக வேலை செய்யும் அஸ்பார்ட் ஆறு ஆறு யூனிட். அஸ்பார்ட் போட இன்சுலின் பேனா வாங்கி, போடப் பழகியது அரை மணி வேலை. சீட்டில் "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருந்தது. அந்த "முன்" எவ்வளவு முன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய ஊசிக்கு அரை மணி முன்னால் போடுவது பழக்கம். ஆத்தா அதையே தொடர்ந்தார். வீட்டில் இலை சீக்கிரம் விழுந்துவிடும் என்பதால் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுச் சாந்தி விசேஷம். "பந்தி போடப் போறாக" என்று குரல் கேட்டதுமே உள் அறைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதல் பந்தியில் இடமில்லை. அடுத்த பந்திக்கு வளவில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் காத்திருந்தார்.

நான் போய்ப் பார்த்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பையில் மீட்டர் இருந்தது தெய்வச் செயல். சர்க்கரை 52. பக்கத்தில் இருந்த ஆச்சி பதறிப்போய் ஒரு கிண்ணம் பால் பணியாரம் கொண்டுவந்தார். நல்ல மனசுதான், ஆனால் தேங்காய்ப்பாலில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 66. மறுபடி மூன்று ஸ்பூன். மறுபடி பதினைந்து நிமிடம். 98 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே இலையில் உட்கார வைத்துச் சோறு சாப்பிட வைத்தோம். (விழுங்க முடியாத நிலையில், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.)

அன்று இரவு டாக்டரைப் போனில் பிடித்து உலுக்கிக் கேட்ட பிறகு விளங்கியது. பழைய ஊசி வேலையைத் தொடங்கவே அரை மணி ஆகும். இது பத்து, பதினைந்து நிமிடத்தில் தொடங்கிவிடும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சம், மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதனால் இலையில் சோறு விழுந்த பிறகு போட்டால் போதும் என்றார்.

அடுத்த வினை கார்ட்ரிட்ஜ், பேனாவுக்குள் போடும் மருந்துக் குப்பி. அதில் 300 யூனிட். ஒரு நாளைக்குப் பதினெட்டு, ஆகவே பதினாறு நாள் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பன்னிரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் காற்றை வெளியேற்ற இரண்டு யூனிட் விடுகிறோமே, அதை நான் சேர்க்கவில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்கு ஓடினேன். கடைக்காரர் "ரெண்டும் அதே மருந்துதான்" என்று வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேனாவில் உட்காரவில்லை. ஒரு கம்பெனி பேனாவில் இன்னொரு கம்பெனி கார்ட்ரிட்ஜ் பொருந்தாது என்பதை அந்தக் கடைக்காரர் அறியாமலா இருப்பார்? திரும்பப் போனேன். ஐஸில் வைக்கிற சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். எங்களுடைய கார்ட்ரிட்ஜ் இருப்பு இல்லை, அதே மருந்து பாட்டிலில் இருக்கிறது என்று ஒரு பாட்டிலும் சிவப்பு மூடி சிரிஞ்சு பத்தும் கட்டிக் கொடுத்தார்.

ராத்திரி ஊசியில் ஏற்றும்போதுதான் கண்ணில் பட்டது. பாட்டிலில் 100 என்று இருக்கிறது, சிரிஞ்சில் 40. சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கானது. அதில் ஆறாவது கோடு வரை ஏற்றியிருந்தால் ஆத்தா உடம்பில் போயிருக்கும் அளவு ஆறு இல்லை, பதினைந்து யூனிட். ஆறு யூனிட்டுக்கே 52-க்கு இறங்கிய உடம்பு அது. அதை அப்படியே கீழே வைத்துவிட்டேன். டாக்டரைக் கேட்டுவிட்டு, இருட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் நடை. வேறு கடையில் ஆரஞ்சு மூடி, 100 யூனிட் சிரிஞ்சு கிடைத்தது. தயவுசெய்து பாட்டிலிலும் சிரிஞ்சிலும் உள்ள எண்ணைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கடைக்காரர் பார்த்துத் தருவார் என்று நம்பி விடாதீர்கள்.

இப்போது இரண்டு கார்ட்ரிட்ஜ் முன்கூட்டியே வாங்கி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறோம். ஃபிரீசர் பக்கமே போகாது. உறைந்துவிட்டால் அது வீண். பேனாவில் போட்டது வெளியில் 28 நாள் தாங்கும், 30 டிகிரிக்குள் இருந்தால். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது நடக்காது. பேனாவை மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் இறக்கிவிடுகிறோம்.

போன வாரம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். இலை போட்டு, இனிப்பு வைத்து, கறியும் வைத்தார்கள். ஆத்தா மடியில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "என்ன ஆச்சி, ஊசி போடலையா?" என்று பரிமாறுகிற பிள்ளை கேட்டது. "சோறு விழட்டும்" என்றார்.