முட்டத்திலிருந்து தெற்கு வானம்: எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்

தெற்கு வானப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு கணக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் வடக்கு அட்சரேகை 8 டிகிரி. பொருளின் தெற்கு நடுவரை விலக்கத்தோடு (வான நடுக்கோட்டிலிருந்து அது எத்தனை டிகிரி தெற்கே என்பது) 8-ஐக் கூட்டி 90-இலிருந்து கழித்தால், அது உச்சத்தில் எவ்வளவு உயரம் ஏறும் என்று தெரிந்துவிடும்.

ஒமேகா சென்டாரி என்ற உருண்டை நட்சத்திரக் கொத்து (தெற்கு 47.5) 34 டிகிரி ஏறும். மே நடுவில் இரவு பத்தேகாலுக்கு உச்சம். 10x50 பைனாகுலரில் பஞ்சு உருண்டை. 6 அங்குலத் தொலைநோக்கியில் 100 மடங்கு வைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் பிரியும். கரீனா நெபுலா என்ற வாயு மேகம் 22 டிகிரிதான், ஏப்ரல் தொடக்கத்தில் பத்தரைக்குப் பாருங்கள். பக்கத்திலுள்ள என்ஜிசி 3532 நட்சத்திரக் கொத்தை விடாதீர்கள், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1990-இல் முதலில் படமெடுத்தது அதைத்தான். மெகல்லன் மேகங்கள் என்ற இரு துணை விண்மீன் மண்டலங்கள்? பெரியது 12 டிகிரி, சிறியது 9. கடல் மூட்டத்தில் கரைந்துபோகும், நேரம் வீண்.

இரட்டை நட்சத்திரங்களில் காமா வெலோரம் பைனாகுலருக்கே பிரியும், இடைவெளி 41 விகலை (ஒரு டிகிரியில் 3600 விகலை). திரிசங்கின் அடி நட்சத்திரம் ஆக்ரக்ஸ் 4 விகலை, ஆனால் 19 டிகிரி உயரத்தில் காற்று கொதிக்கும். ஒரு ஓரம் சிவப்பு, மறு ஓரம் நீலமாகத் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், வளிமண்டலம் ஒளியைப் பிரிக்கிறது. உச்சத்துக்கு அரைமணி முன்பின் மட்டும் 100 மடங்கில் முயலுங்கள். காற்று மோசமென்றால் 55 டிகிரி ஏறும் கே பப்பிஸ் போதும், 10 விகலை, சமவொளி ஜோடி.

உப்புப் பனி படிந்த லென்ஸைத் துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். ஊதுகுமிழால் ஊதி, வீட்டில் ஈரமாகத் துடையுங்கள்.