அக்காவுக்காகப் புளிக்கும் ஜாடி

2024 மார்ச் 3, ஞாயிறு

பீட்ரூட் இரண்டு, கேரட் மூன்று, அரைத்த கடுகு இரண்டு கரண்டி, கல்லுப்பு 40 கிராம், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் இரண்டு லிட்டர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும் என்பதால் நேற்றிரவே கொதிக்கவைத்திருந்தேன். வட இந்தியாவில் ஹோலியை ஒட்டிக் கருங்கேரட்டில் போடும் காஞ்சி என்ற புளிப்புப் பானம் இது. இங்கே கருங்கேரட் கிடைக்கவில்லை. பீங்கான் ஜாடியின் வாயை வேட்டித் துணியால் கட்டும்போது, கீமோ சிகிச்சையில் இருக்கும் அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே, “உப்பைக் குறைச்சுராதே, தம்பி” என்றாள். இரண்டு நாட்களுக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

மாலை அவள் உடல் வெப்பம் 98.6.

மார்ச் 4, திங்கள்

ஜாடியில் மாற்றம் எதுவும் இல்லை. அக்கா அரை தம்ளர் கஞ்சி குடித்தாள்.

மார்ச் 6, புதன்

காலையில் துணியை விலக்கியபோது ஓரங்களில் சிறுசிறு குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. காதை அருகே வைத்தால் மிக மெல்லிய இரைச்சல் கேட்கிறது. காய்கறியின் தோலிலேயே ஒட்டியிருந்த லூக்கோநாஸ்டாக் வகை நுண்ணுயிர்கள் முதலில் பெருகிக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. புளிப்பு ஏற ஏற அவை ஒடுங்கி, அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. கெடுக்கும் கிருமிகளை உப்பு தடுத்துவைத்திருக்கும் இடைவெளியில் இந்தக் கைமாற்றம் நடந்தாக வேண்டும். அக்கா சொன்ன உப்பு அதற்குத்தான்.

மார்ச் 7, வியாழன்

நீராகாரம் போடலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். அம்மாவின் மண்சட்டி இன்னும் பரணில் இருக்கிறது. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக்கொண்டு அக்கா அந்தத் தண்ணீரை மிச்சமின்றிக் குடிப்பாள். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போவதில்லை. சோறு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். நல்ல உடம்புக்கு அந்தக் கவனம் போதும். அக்காவின் உடம்புக்குப் போதுமா என்று எனக்குத் துணிவு வரவில்லை. சட்டியை இறக்கவில்லை.

மார்ச் 9, சனி

கிருமிகளை மறிக்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 700-க்கு இறங்கிவிட்டது.

சமைக்காத எதுவும் கூடாது, வீட்டில் புளிக்கவைத்த பானம் நிச்சயமாகக் கூடாது, வெப்பம் 100.4-ஐத் தொட்டால் இரவென்று பாராமல் உடனே கிளம்பி வாருங்கள் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். ஜாடியைப் பற்றி நான் கேட்டதற்கு அவர் கோபிக்கவில்லை. உள்ளே எந்தெந்த உயிர் வளர்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார். என்னால் முடியாது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் புரோபயாடிக் என்பதற்குத் தந்த வரையறை, உயிருள்ள நுண்ணுயிர்கள் போதிய அளவில் கொடுக்கப்படும்போது உடலுக்கு நன்மை தருபவை என்று சொல்கிறது. அந்த வரையறையின் முதற்சொல்லை நம்பித்தான் ஜாடியைத் தொடங்கினேன். உயிருள்ள என்ற அதே சொல்தான் இப்போது அக்காவுக்கும் ஜாடிக்கும் நடுவே நிற்கிறது. ஆரோக்கியமான குடலில் அடங்கியிருக்கும் ஒன்று, புண்ணான குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்தால், அதை மறிக்க வேண்டிய வெள்ளணுக்கள் அவளிடம் இன்று போதிய அளவில் இல்லை.

மாலை 98.9. இரவு பத்து மணிக்கு 99.1.

மார்ச் 10, ஞாயிறு

98.4. இரண்டு இட்லி சாப்பிட்டாள். மாவும் புளித்ததுதான், ஆனால் ஆவி புளிப்பின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது.

மார்ச் 12, செவ்வாய்

ஜாடியின் மேற்பரப்பில் மெல்லிய வெண்ணிற ஏடு படர்ந்திருக்கிறது. பஞ்சு போன்ற பூசணம் இல்லை, பச்சையோ கறுப்போ இல்லை, ஈஸ்ட்தான். வழித்தெடுத்தேன். என் கை நடுங்கியதை அக்கா பார்த்தாள்.

மார்ச் 13, புதன்

உயிரியல் அறிஞர் மெச்னிகாஃபைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1882-இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் அம்முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டவர் அவர். வந்தேறும் கிருமியை விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்ற அந்த ஆய்வுக்காகவே 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபடி, புளித்த பாலின் நுண்ணுயிர்கள் குடலைக் காக்கும் என்று உலகத்துக்குச் சொன்னவரும், தாமே அதை நாள்தோறும் குடித்தவரும் அவர்தான். வெள்ளணு, புளிப்பு இரண்டையும் ஒரே மனிதர் கையில் எடுத்திருக்கிறார். என் வீட்டில் கூடத்தில் ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம், அடுக்களையில் மற்றது தயாராக இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 3.6-க்கு அருகில் காட்டியது, 4.6-க்குக் கீழே வந்துவிட்டால் உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசம் கிருமி வளராது. வடிகட்டி நான் ஒரு சிறு தம்ளர் குடித்தேன். கடுகின் காரம் மூக்கில் ஏறி, பிறகு சுத்தமான புளிப்பு. அக்கா வாசனையை மட்டும் பிடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

மார்ச் 16, சனி

எனக்கு வயிற்றில் சிறிது வாயு, வேறு தொல்லை இல்லை. அவளுக்கு 98.4.

மார்ச் 18, திங்கள்

நியூட்ரோஃபில் 2,100!

ஜாடியைப் பற்றி மருத்துவரிடம் மறுபடி கேட்டேன். 22-ஆம் தேதி கீமோவின் அடுத்த சுற்று தொடங்குகிறது, எண்ணிக்கை மீண்டும் இறங்கும், எனவே எல்லாச் சுற்றுகளும் முடிந்து அணுக்கள் நிலைபெறும் வரை வேண்டாம் என்றார். இன்னும் நான்கு சுற்று.

மார்ச் 20, புதன்

பழைய காஞ்சியில் ஒரு தம்ளரை எடுத்துப் புதிய ஜாடியில் உறையாக ஊற்றினேன். பீட்ரூட்டை அக்காதான் நறுக்கித் தருவேன் என்றாள். மருத்துவர் கத்தியைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருப்பதால், உப்பை மட்டும் அவள் நிறுத்துத் தந்தாள். தராசில் 41 என்று வந்தது. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.